நாலாம் நம்பர் வில்லை

மலையடிவாரத்து மோட்டலுக்கு வந்து சேர்ந்த அரைமணி நேரத்தில் பெரியவர் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். காய் நறுக்குவது அக்கா. அடுப்பு தங்கை. பாத்திரம், குப்பை, ஈர ஷூக்களைத் துடைத்து வாசலில் அடுக்குவது, அலுவலகப் பலகையில் அறையின் தகர வில்லையைத் திருப்புவது, எல்லாம் சின்னவர். வழிகாட்டுவது பெரியவர் என்று கடைசி வரியில் எழுதி, அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

சின்னவருக்கு வயிறு எரிந்தது. வயது நாற்பத்தாறு, காதோரம் நரைத்தாகிவிட்டது. இருந்தும் மாமனார் வீட்டில் இரண்டாவது பெண்ணைக் கட்டிய ஒரே குற்றத்துக்காக இன்றுவரை அவர் சின்னவர்தான். மூத்தவளைக் கட்டிய சகலை பெரியவர். கல்லூரி ஒன்றில் துணை முதல்வர். எதிரே நாலு பேர் நின்றால் வருகைப்பதிவு எடுக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"நான் லீவு போட்டு வந்ததே நாலு நாள் சும்மா உக்காரத்தான்," என்றார் சின்னவர் மனைவியிடம், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

"நாலு பேர் வந்திருக்கோம். ஆளுக்கொரு வேலை செஞ்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அவருக்கு என்ன வேலை? வழிகாட்டறதாம். மேல போறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. அதுக்கு ஒரு வழிகாட்டி!"

"மெதுவாப் பேசுங்க. நடுவுல வெறும் அட்டைதான் இருக்கு."

உண்மைதான். பக்கத்து அறையில் பெரியவர் தொண்டையைச் செருமுவது இங்கே தலையணைக்குள் கேட்டது. மனைவி படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "பத்து வருஷம் கழிச்சு இப்பத்தான் நானும் அக்காவும் சேர்ந்து ஒரு இடத்துக்கு வந்திருக்கோம். நாலு நாள். எனக்காக. அவர்கூட முட்டிக்காம இருங்க." கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை இதைக் கேட்டிருந்தாள். அப்போது சொன்ன மாதிரியே இப்போதும் சரி என்று சொன்னார். சொல்லும்போது அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மோட்டல் என்றால் வரிசையாக எட்டு அறைகள், முன்னால் கூழாங்கல் போட்ட முற்றம், பின்னால் செங்குத்தாக மலை. சமையல் நம் பாடு. இரண்டு படுக்கையறைகளுக்கு முன்னால் ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியேற வேண்டிய சமையலறை. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது: கரண்டி ஆறு, முள்கரண்டி ஆறு, கத்தி நாலு, வாணலி ஒன்று, மூடியில்லாத பாத்திரம் ஒன்று. உலகத்தில் மக்கள் மலையேற வருவதே தன்னுடைய கரண்டிகளைத் திருடத்தான் என்பது விடுதிக்காரியின் தீராத நம்பிக்கை. ஒல்லியான, வெடுக்கென்று பேசும் பெண். வந்தவர்களின் பெயரைக் கேட்கிற வழக்கமே அவளுக்கில்லை. இவர்கள் நாலு பேரும் நாலாம் நம்பர். அவ்வளவுதான்.

அவள் முதல் வேலையாக அவர்களை அலுவலக வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள். எட்டு ஆணிகள், எட்டுத் தகர வில்லைகள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு.

"அறைக்கு ஒரு வில்லை. மேல போறப்ப சிவப்பு. எல்லாரும் இறங்கி வந்த பிறகு பச்சை. எல்லாரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பார்ப்பேன். சிவப்பு இருந்தா மீட்பு ஆளுங்களுக்கு போன் போடுவேன். மலையில செல்போன் எடுக்காது. மேல உங்களுக்கு வேற நாதி கிடையாது, புரியுதா?"

சின்னவருக்கு நன்றாகவே புரிந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய உயிர் ஒரு சிவப்பு அட்டையில் தொங்குகிறது. வேலைக்காக லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் கீழே மெயின் சுவிட்சை அணைத்து அதில் அட்டையை மாட்ட வேண்டும்: ஆள் உள்ளே, தொடாதே. மாட்டியவன் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. ஒருமுறை ஒரு காவலாளி, மாடிவீட்டு அம்மா கத்துகிறாள் என்று அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டான். சின்னவர் அப்போது லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தார். கூண்டு அவரோடு ஏறி, கூரைக்கும் அவர் முதுகுக்கும் ஒரு சாண் இருக்கும்போது நின்றது. கீழே வந்ததும் காவலாளியை அறைந்த அறையில் அவன் தொப்பி தெருவில் போய் விழுந்தது. இந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. விடுதிக்காரியிடமும் சொன்னார்.

அவள் முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது. "அப்ப உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல."

"நம்ம தம்பிக்கு இது தொழிலாச்சே," என்று பெரியவர் அவர் தோளில் தட்டினார். அந்தத் தம்பி என்ற சொல் சின்னவருக்குக் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். இப்படித்தான் வில்லை அவர் பொறுப்பாயிற்று.

அன்றும் மறுநாளும் மழை. நாலு பேர், இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். பெரியவர் தன் வரைபடத்தை மேஜை முழுக்க விரித்துக்கொண்டார். மற்ற மூவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். சின்னவர் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பெரியவர் எடுத்து உள்ளே விரலை ஓட்டிப் பார்த்து, "பிசுக்கு இருக்கே தம்பி," என்றார். ஷூக்களின் வரிசை கோணலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். குப்பைப் பையின் முடிச்சை அவிழ்த்து, எப்படிப் போட வேண்டும் என்று போட்டுக் காட்டினார். அக்காக்காரி, "அவருக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். சுத்தம் செய்வது யார் என்பதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மனைவி அவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கெஞ்சினாள்.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. காலை ஒன்பது மணிக்குச் சின்னவர் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பினார். நாலு பேரும் மேல்குடிசையைப் பார்க்கக் கிளம்பினார்கள். அது மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கல் வீடு. நடக்கிறவர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டியது. வழக்கம்போலச் சாப்பாட்டுப் பை சின்னவர் முதுகில். பெரியவர் கையில் தடி மட்டும்.

இரண்டரை மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு பாறையில் இரும்புச் சங்கிலி அடித்திருந்த இடம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். குழிக்குள் குந்தி வேலை பார்த்தே தேய்ந்துபோன முட்டி சின்னவருடையது. சங்கிலியைப் பிடித்தவர் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். பின்னால் வேறு அறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். மேலே ஏறிவிட்ட பெரியவர் குனிந்து, வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்ன தம்பி, லிஃப்ட் இல்லாம ஏற முடியலையோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காக்காரி சிரித்தாள். அதெல்லாம் போகட்டும். மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள்.

சின்னவர் ஏறி முடித்தார். பையைக் கழற்றிப் பெரியவரின் காலடியில் வைத்தார்.

"இந்தாங்க. இனிமே உங்க சோத்தை நீங்களே சுமங்க."

"அட, தமாஷுக்குச் சொன்னேன் தம்பி."

"நான் உங்க தம்பி இல்ல. உங்க வீட்டு வேலைக்காரனும் இல்ல. மூணு நாளா எச்சில் தட்டு கழுவறேன், விரலை விட்டுப் பாக்கறீங்க. எவன் குடுத்தான் உங்களுக்கு இந்த அதிகாரத்தை?"

"ஏங்க," என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சிரிக்கறப்ப பாக்கலையா? நீ வா. நாம கீழ போறோம்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களால பொறுத்துக்க முடியல. போறதுன்னா போங்க. நான் குடிசையைப் பாத்துட்டுத்தான் வருவேன்."

அவர் ஒருவராக இறங்கினார். வழி நெடுக அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. மோட்டல் முற்றத்தை அடைந்தபோது மணி ஒன்று. அலுவலகம் பூட்டியிருந்தது; விடுதிக்காரி பின்கட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் பலகை. நாலாம் நம்பர் சிவப்பு.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் மறக்கவில்லை. கை பழக்கத்தில் திருப்பவும் இல்லை. பலகைக்கு முன்னால் நின்று, நன்றாக யோசித்தார். சிவப்பாக இருந்தால், நேரமானதும் இந்த மனுஷனைத் தேடிக்கொண்டு பத்துப் பேர் ஓடுவார்கள். அவரும் ராஜா மாதிரி நடுவில் நடந்து வருவார், ஏதோ தானே ஏற்பாடு செய்த ஊர்வலம் போல. எதற்காக? வழிகாட்டிதானே, வழி தெரிந்து வரட்டும். ஒருத்தரும் தேடக் கூடாது. அவளும்தான். அவள் யாரோடு போனாளோ அவரோடு வரட்டும். வில்லை என் பொறுப்பு. மாட்டியவனும் நான், திருப்புகிறவனும் நான். அவர் வில்லையைப் பச்சைக்குத் திருப்பினார். நெஞ்சில் மூன்று நாளாக இல்லாத ஒரு குளிர்ச்சி பரவியது.

அறைக்குப் போய் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி அளந்து போட்டார். இரண்டு முட்டை உடைத்து ஊற்றினார். தின்ற தட்டைக் கழுவாமல் தொட்டியில் அப்படியே போட்டார். பெரியவரின் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கொஞ்ச நேரம் தூங்கினார்.

நாலரைக்கு விழித்தபோது ஜன்னலில் மலை இல்லை. பால் பாத்திரத்தைக் கவிழ்த்தது போல முற்றத்தின் வேலிவரை மூடுபனி இறங்கியிருந்தது. சங்கிலிப் பாறையில் பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஷூக்களை உதறிக்கொண்டு அறைகளுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். குடிசைவரை போகாமல் நடுவழி ஓடையில் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார்கள். நாலாம் நம்பர் ஆட்களை அவர்கள் பார்க்கவில்லை.

வந்துவிடுவார்கள் என்று சின்னவர் தனக்குத்தானே சொன்னார். சரியாக ஐந்து மணிக்கு விடுதிக்காரி துடைப்பத்தோடு வராந்தாவுக்கு வருவதை ஜன்னல் வழியே பார்த்தார். அவள் பலகையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். எட்டும் பச்சை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவு சாத்திய சத்தத்தில் அவருக்கு லிஃப்ட் கூண்டு தன்னை ஏற்றிக்கொண்டு மேலே போனது நினைவுக்கு வந்தது.

அப்போதே ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். இருபது அடி தூரம்தான். தட்டவில்லை. என்னவென்று சொல்வது? மாட்டியவனே திருப்பிவிட்டான் என்றா? ஐந்தரை ஆயிற்று. ஆறாயிற்று. தானே போய் அழைத்து வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று ஒரு புத்தி ஓடியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பாதையில் ஏறினார். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மனைவியை உரக்கக் கூப்பிட்டார். குரல் பஞ்சில் விழுந்தது போல அங்கேயே நின்றது. கால் இரண்டு முறை பாதையை விட்டு இறங்கியது. திரும்பி வந்தபோது மணி ஆறு நாற்பது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் செலவழித்த நேரம் அது.

கதவைத் தட்டினார்.

"மேல மூணு பேர் இருக்காங்க."

"எந்த நம்பர்?"

"நாலு."

"நாலு பச்சை. நானே பாத்தேன்."

"நான்தான் திருப்பினேன். நான் மட்டும் ஒரு மணிக்கே வந்துட்டேன்."

விடுதிக்காரி போனை எடுத்தாள். குடிசை, மூன்று பேர், மூடுபனி என்று மளமளவென்று சொன்னாள். வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாரும்னு ரெண்டு தடவை சொன்னேனா இல்லையா?"

"நான் மாட்டினது... நானே எடுத்தேன்..."

"உள்ள ஆள் இருக்கறப்பவா? உங்க தொழில்ல அப்படித்தானா?"

அவள் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தவில்லை. திறந்தே விட்டுவிட்டு உள்ளே போனாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மீட்பு ஆட்கள் ஆறு பேர் ஜீப்பில் வந்து பாதி வழிவரை ஓட்டிக்கொண்டு போனார்கள். தலையில் விளக்கு கட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு அவர்கள் முற்றத்தில் திரும்பி வந்து நின்றார்கள். பெரியவர் தூக்குப் படுக்கையில், கணுக்கால் பூசணிக்காய் அளவு வீங்கி. பின்னால் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு. மனைவியின் உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தியடித்தது.

காலை அசைக்க முடியாவிட்டாலும் பெரியவருக்கு வாய்க்குக் குறைவில்லை. விடுதிக்காரியைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு மணின்னு சொன்னீங்களே, என்ன ஆச்சு? குடிசை வாசல்ல கால் மடங்கினப்ப மணி பன்னெண்டு. அப்ப மூடுபனியே கிடையாது. என் கொழுந்தியா ஒருத்தி இறங்கி வந்து ஆள் கூட்டிட்டு வந்திருப்பா. நான்தான் வேணாம்னேன். என் சகலை கீழ இருக்கார், வில்லை சிவப்புல இருக்கும், அஞ்சு மணிக்கு இவங்களே வருவாங்கன்னேன். எட்டு மணிவரைக்கும் ஒரு ஈ காக்கா கூட வரல! தூங்கிட்டீங்களா?"

"நானும் அதைத்தான் சொன்னேன்," என்றாள் மனைவி நடுங்கும் குரலில். "அக்கா பயந்தா. அவர் என்மேல கோவமா இருந்தாலும் அதுல மட்டும் தப்பு வராது, அது அவருக்கு உயிர்னு சொன்னேன்."

விடுதிக்காரி திரும்பிச் சின்னவரைப் பார்த்தாள். நீயே சொல் என்று விட்டுவிட்டாள். அவர் தரையில் கிடந்த கூழாங்கற்களைப் பார்த்தார். பிறகு அவளே சொன்னாள்: "வில்லை பச்சையா இருந்தது."

"யாரு திருப்பினா?" மனைவி கேட்டாள்.

"நான்."

"எப்ப?"

"வந்த உடனே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, மிக மெதுவாக, ஒரு குழந்தைக்குப் பதிலை எடுத்துக் கொடுப்பது போலக் கேட்டாள்: "மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் நம்பியதாகக் காட்டிக்கொள்வாள். அதற்காகத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கல்யாண வீடு கல்யாண வீடாக அந்தக் காவலாளிக் கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அவள். மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இல்ல," என்றார்.

பெரியவர் வாயடைத்துப் போனதைப் பார்க்க வேண்டும் என்று பதினெட்டு வருஷமாக ஆசைப்பட்ட சின்னவருக்கு, பார்த்தபோது அழுகைதான் வந்தது. மனைவி கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு அக்காவின் அறைக்குள் போனாள். அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பல் தந்தியடிப்பது வெகுநேரம் கேட்டது. பிறகு அக்காக்காரி ஏதோ சொல்வதும், "வேணாம்க்கா, அவரைப் பத்திப் பேசாதே," என்று அவள் சொல்வதும் கேட்டன.

காலையில் அவர் சமையலறைக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் பெரியவரின் பட்டியல் இல்லை. அந்த இடத்தில் வேறொரு தாள், மனைவியின் கையெழுத்தில். அறையைக் காலி செய்கிற நாள், அதற்கான வேலைகள். பெட்டி கட்டுவது நான். அடுப்பு, தரை துடைப்பது அக்கா. சாவி, வில்லை ஒப்படைப்பது அக்கா. கார் ஓட்டுவது நான். கரண்டி எண்ணுவது அத்தான்.

காலில் கட்டுப் போட்டுச் சோபாவில் சாய்ந்திருந்த பெரியவர் மடியில் கரண்டிகளைக் குவித்துவைத்து எண்ணிக்கொண்டிருந்தார். சின்னவரைக் கண்டதும் தலையைக் குனிந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

சின்னவர் தாளை இரண்டாம் முறை மேலிருந்து கீழ்வரை படித்தார். நடக்க முடியாதவருக்குக் கூட ஒரு வேலை இருந்தது. தொட்டியில் நேற்று அவர் தின்று போட்ட தட்டு இல்லை. யாரோ கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். வாசலில் ஷூக்கள் நேராக அடுக்கியிருந்தன.

மனைவி பெட்டியை இழுத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். அவர் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தார். அவள் பெட்டியை விடவில்லை. பிடுங்கவும் இல்லை, அவர் கை விலகும்வரை நின்றாள்.

"நான் என்ன செய்யணும்? சொல்லு, ஏதாவது செய்யறேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள்.

"நீங்க உக்காருங்க."